இடது முன்சக்கரத்தில் லடலட சத்தம்: ஷாக் மாற்றத்தான் வேண்டுமா?

வலங்கைமான் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. தினமும் வலங்கைமானிலிருந்து நீடாமங்கலம் பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் போய்வருகிறேன்.

கொஞ்ச நாளாக இடது முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். நல்ல தார் ரோட்டில் ஒன்றும் இல்லை. ஜல்லி பெயர்ந்த இடத்திலும் ஆற்றங்கரை ரோட்டிலும் இருபது, முப்பது வேகத்தில் போனால் ‘லட லட லட’ என்று அடிக்கிறது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டைக் கடக்கும்போது மிக அதிகம். முன் சீட்டில் உட்காரும் அம்மா, காலடியில் தட்டுவது தெரிகிறது என்கிறார்.

வழக்கமாகக் காட்டும் பட்டறையில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, “முன் ஷாக் ரெண்டும் போச்சு, மவுண்ட்டோட சேர்த்து மாத்தணும்” என்றார்கள். செலவு இருபதாயிரத்தை ஒட்டி வரும் என்கிறார்கள். ஷாக்கில் எண்ணெய்க் கசிவு எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. போன வருஷம்தான் இரண்டு பக்கமும் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பாடியோடு இணைக்கும் இரும்புக் கை) மாற்றியது, அதனால் அதில் கோளாறு இருக்காது என்பது அவர்கள் கணக்கு. இவ்வளவு செலவு செய்து ஷாக்கை மாற்றியும் சத்தம் போகாவிட்டால்? மாற்றும் முன் நிச்சயப்படுத்திக்கொள்ள வழி இருக்கிறதா?

வேளாங்கண்ணி டாக்ஸி:

டீச்சர், கீழ படுத்துப் பார்க்கறதுக்கு முன்னாடி வண்டியைக் காலி பண்ணுங்க. டிக்கியில ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஸ்டெப்னி எல்லாம் இறுக்கமா இருக்கா பாருங்க. ஸ்டெப்னி நடுவுல இருக்கிற திருகு லூசா இருந்தாலே பள்ளத்துல டொக்கு டொக்குன்னு அடிக்கும், அது முன்னாடி இருந்து வர்ற சத்தமாவே கேக்கும். சீட் பெல்ட் பக்கிள் தூண்ல தட்டுறது, டேஷ்போர்டு டிராயர்ல கிடக்கிற சாவிக்கொத்து, நம்பர் பிளேட்டு இதெல்லாம் ஒரு தடவை கையால ஆட்டிப் பாருங்க. அப்புறம் டயர்ல காத்து எவ்வளவு இருக்குன்னு பாருங்க. நம்ம பக்கம் பாதிப் பேரு நாப்பது அடிச்சு வச்சிருக்காங்க. டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதுல போட்டிருக்கிற அளவு போதும். காத்து அதிகமானா நல்ல வண்டியே கட்டை வண்டியாட்டம் அடிக்கும்.

மன்னை பட்டறை:

வணக்கம் டீச்சர். மன்னார்குடியில பட்டறை வச்சிருக்கேன். வண்டியைப் பார்க்காம இதுதான்னு சொல்ல மாட்டேன். ஆனா சத்தம் எப்ப வருது, எப்ப வரலைன்னு சரியாச் சொன்னீங்கன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. கீழே கேக்கறதுக்குப் பதில் எழுதுங்க.

ரோட்டுக்குக் குறுக்கால நேரா போட்ட ஸ்பீடு பிரேக்கர்ல ரெண்டு முன்சக்கரமும் ஒண்ணா ஏறி இறங்குறப்ப சத்தம் வருதா? இல்ல, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்துல விழறப்ப வருதா?

ஜல்லி ரோட்டுல மெதுவாப் போறப்பவே பிரேக்கை லேசா, கால் வச்சும் வைக்காமலும் அழுத்திக்கிட்டே போங்க. சத்தம் நிக்குதா?

நின்ன இடத்துல ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் திருப்புங்க. ‘டொய்ங்’ன்னு ஸ்பிரிங் துள்ளுற சத்தம் வருதா? முழுசாத் திருப்பி வச்சு மெதுவா நகர்த்துறப்ப ‘கட் கட் கட்’ வருதா?

ரிவர்ஸ் எடுத்து பிரேக் போட்டு, பிறகு முன்னாடி எடுத்து பிரேக் போடுங்க. ஒரே ஒரு ‘டம்’ இருக்கா?

சத்தம் வர்றப்ப ஸ்டியரிங் பிடிச்ச கையில தட்டுதா, இல்ல காலடியில மட்டுமா?

வலங்கைமான் டீச்சர்:

நன்றி அண்ணா. டாக்ஸி அண்ணன் சொன்னபடி டிக்கியைக் காலி செய்துவிட்டேன். டயரில் காற்று சரியாகத்தான் இருந்தது. சத்தம் அப்படியே இருக்கிறது.

நேரான ஸ்பீடு பிரேக்கரில் ஏறக்குறைய சத்தமே இல்லை. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தால் உடனே வருகிறது. பிரேக்கை லேசாக அழுத்திப் போனாலும் மாற்றமில்லை. ஸ்டியரிங் திருப்பும்போது எந்தச் சத்தமும் இல்லை, கையில் தட்டவும் இல்லை. ஆனால் நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன்: ரிவர்ஸ் எடுத்து முன்னால் நகர்த்தி பிரேக் போட்டால் இடது பக்கம் ஒரு ‘டம்’ வருகிறது. இதுவும் அதுவும் ஒன்றா?

தஞ்சை மெக்கானிக்கல்:

நல்ல விவரம். இந்தப் பதில்களை வைத்தே நிறைய பொருட்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

உங்கள் வண்டியின் முன்பக்கம் ‘மேக்பெர்சன் ஸ்ட்ரட்’ அமைப்பு. சின்ன கார்களில் பெரும்பாலும் இதுதான். ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நின்று, மேலே பானெட்டுக்குள் மவுண்ட்டில் முடிகின்றன. கீழே லோயர் ஆர்ம், அதன் வெளி நுனியில் பால் ஜாயிண்ட் (எந்தப் பக்கமும் திரும்பும் உருண்டை மூட்டு), உள் பக்கம் இரண்டு ரப்பர் புஷ் (ஆர்மைப் பாடியோடு பிடிக்கும் ரப்பர் மூட்டு). இரண்டு பக்கத்தையும் இணைத்துக் குறுக்கே ஒரு வளைந்த கம்பி ஓடும். அதுதான் ஸ்டெபிலைசர் பார். அதன் இரு நுனியிலும் ஒரு சாண் நீளத்துக்கு லிங்க் ராடு இருக்கும், அதன் இரு தலையிலும் சின்ன பால் ஜாயிண்ட்.

இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் ஸ்டெபிலைசர் பார் தன் ரப்பர் பிடிகளுக்குள் சும்மா சுழலும். முறுக்கு ஏறாது, லிங்க் ராடிலும் பெரிதாக விசை வராது. ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போதுதான் கம்பி முறுக்கிக்கொள்ளும், லிங்க் ராடு ஒரு பக்கம் இழுபட்டு மறு பக்கம் அழுந்தும். அதன் ஜாயிண்ட்டில் ஆட்டம் இருந்தால் அப்போதுதான் தட்டும். ரயில் தண்டவாளத்தைக் கொஞ்சம் சாய்வாகக் கடக்கும்போது இடது, வலது என்று மாறி மாறி ஏறி இறங்குவதால் அங்கே சத்தம் உச்சத்துக்குப் போவதும் இதனால்தான். ஷாக் உள்ளுக்குள் தேய்ந்து தட்டுவதாக இருந்தால் நேரான ஸ்பீடு பிரேக்கரிலும் தட்ட வேண்டும், ஏனென்றால் அங்கேயும் அது முழுதாக அமுங்கி நிமிர்கிறது. உங்கள் வண்டியில் அது இல்லை.

பிரேக்கை லேசாகத் தொட்டதும் சத்தம் நின்றிருந்தால் பிரேக்கிலுள்ள காலிப்பர் பின், பேட் கிளிப் பக்கம் போயிருப்போம். திருப்பும்போது ஸ்பிரிங் துள்ளியிருந்தால் மேல் மவுண்ட் பேரிங். முழுத் திருப்பத்தில் ‘கட் கட்’ வந்திருந்தால் ஆக்சில் வெளி ஜாயிண்ட். கையில் தட்டியிருந்தால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் ரேக், டை ராடு. இவை எதுவும் இல்லை.

‘லடலட’வுக்கு என் முதல் சந்தேகம் லிங்க் ராடு. அந்த ‘டம்’ வேறு. பிரேக் போடும்போது சக்கரம் பின்னுக்குத் தள்ளப்படுகிறது, ரிவர்ஸில் போட்டால் முன்னுக்கு. அந்தத் தள்ளுதலைத் தாங்குவது லோயர் ஆர்மின் புஷ்கள். அவற்றில் ஒன்று கிழிந்திருந்தால் ஆர்ம் முன்னும் பின்னும் நகர்ந்து ஒரே ஒரு அடி அடிக்கும். என்ஜின் மவுண்ட் போனாலும் இப்படி ஒரு அடி வரும். ஆனால் அது கிளட்ச் விடும்போதும் என்ஜினை அணைக்கும்போதும் தெரியும், பிரேக்கை மட்டும் சார்ந்து வராது.

குடவாசல் விவசாயி:

எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி. சர்வீஸ் ஸ்டேஷன்ல விட்டு அடியில டீசலும் பழைய ஆயிலும் கலந்து ஒரு தடவை அடிச்சு விடச் சொல்லுங்க. எங்க டிராக்டர் டிரெயிலருக்கும் வேனுக்கும் வருஷா வருஷம் ஐப்பசிக்கு முன்னாடி அப்படித்தான். துருவும் பிடிக்காது, சத்தமும் அடங்கும்.

மன்னை பட்டறை:

ஐயா, உங்க அனுபவத்தை மதிக்கிறேன். ஆனா காருக்கு இதைச் செய்யச் சொல்லாதீங்க. டிரெயிலர்ல இருக்கிறது பட்டை ஸ்பிரிங்கு, இரும்போட இரும்பு உரசுறது, அங்க எண்ணெய் உதவும். கார் அடியில பாதி வேலையை ரப்பர் செய்யுது. டீசலும் பழைய ஆயிலும் பட்டா ரப்பர் ஊதி, மெத்துன்னு ஆகி, ஓரத்துலேர்ந்து பிய்ய ஆரம்பிக்கும். கீச்சு சத்தம் அன்னிக்கு நிக்கும், ரெண்டு மாசத்துல புஷ்ஷே போயிடும். இந்த டெல்டாவுல நான் மாத்துற புஷ்ல பாதி எண்ணெயில ஊறினதுதான். அழுத்தினா விரல் கருப்பாகும், நகத்தால கீறினா உதிரும்.

கீச்சுன்னு வர்ற ரப்பர் சத்தத்தைக் கண்டுபிடிக்கத் தண்ணியே போதும். ஒரு ஸ்பிரே பாட்டில்ல தண்ணி எடுத்துக்கிட்டு ஒவ்வொரு புஷ்ஷா நனைச்சுட்டு வண்டியை மேலேர்ந்து அமுக்கிப் பாருங்க. எதை நனைச்சா சத்தம் மாறுதோ அதுதான். அதுக்குப் பிறகு ரப்பருக்கு ஆகாத எண்ணெய் இல்லாம சிலிக்கான் ஸ்பிரே அடிக்கலாம். ஆனா ‘லடலட’, ‘டம்’ ரெண்டும் எந்த ஸ்பிரேக்கும் அடங்காது, அது ஆட்டம்.

டீச்சர், இப்ப நீங்க செய்ய வேண்டியது. பிட் (வண்டிக்கு அடியில இறங்கிப் பார்க்கற குழி) இருக்கிற பட்டறையாப் பாத்துப் போங்க. லிங்க் ராடைச் சக்கரம் தரையில இருக்கிறப்பத்தான் பார்க்கணும். ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில தூக்கினா ஸ்டெபிலைசர் முறுக்கிக்கிட்டு லிங்கை இழுத்துப் பிடிச்சுக்கும், ஆட்டம் இருந்தாலும் காட்டாது. அதனாலதான் நிறைய பட்டறையில “லிங்க் நல்லாத்தான் இருக்கு”ன்னு சொல்லி அனுப்பிடுறாங்க. பிட்ல நிறுத்தி, லிங்கைக் கைப்பிடியாப் பிடிச்சுப் பலமா மேலயும் கீழயும் ஆட்டணும். ஒருத்தர் பக்கவாட்டுல வண்டியை ஆட்டிக்கிட்டே இருக்க, இன்னொருத்தர் லிங்க் தலையில விரலை வச்சா ‘டிக் டிக்’ன்னு விரல்ல தெரியும். காதை விட விரல் நம்பிக்கையானது. இரும்பு சத்தத்தை எங்கெங்கேயோ கடத்தும், விரல் வச்ச இடத்து அடி அந்த இடத்து அடிதான்.

இன்னும் சந்தேகம்னா ரெண்டு பக்க லிங்கையும் கழட்டி, பார் நுனி டயர்லயோ ஆக்சில்லயோ படாம கம்பியால கட்டிட்டு, அதே ஜல்லி ரோட்டுல மெதுவா ஓட்டிப் பாருங்க. சத்தம் போயிட்டா விஷயம் முடிஞ்சது. லிங்க் இல்லாம வளைவுல வண்டி அதிகமாச் சாயும், அதனால மெயின் ரோட்டுக்குக் கொண்டு போக வேணாம்.

அடுத்தது லோயர் ஆர்ம். போன வருஷம் மாத்தினதுன்னு விட்டுடாதீங்க. மாத்துறப்ப போல்ட்டை எப்படி இறுக்கினாங்கன்னு தெரியுமா?

வலங்கைமான் டீச்சர்:

அது எனக்கு எப்படித் தெரியும் அண்ணா? ஜாக்கியில் தூக்கி வைத்திருந்தார்கள், இரண்டு சக்கரமும் தொங்கிக்கொண்டிருந்தது. மாற்றி முடித்து இறக்கினார்கள், உடனே சக்கர அலைன்மெண்ட்டுக்கு அனுப்பினார்கள். பக்கத்திலேயே இருந்ததால் அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மன்னை பட்டறை:

அப்ப கண்டிப்பா அந்த புஷ்ஷைப் பாருங்க. ஏன்னு எழுதுறேன், இது எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது.

லோயர் ஆர்ம் புஷ் உருளுற பேரிங் இல்ல. நடுவுல ஒரு இரும்புக் குழாய், வெளியில ஒரு இரும்பு வளையம், ரெண்டுக்கும் நடுவுல ஒட்டின ரப்பர். படுக்கையாப் போற போல்ட்டை இறுக்கினதும் நடுக்குழாய் பாடியோட பூட்டிக்கும். அதுக்கு மேல ஆர்ம் ஏறி இறங்குறது எல்லாம் ரப்பர் முறுக்கித்தான். சக்கரம் தொங்குறப்ப ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ஞ்சு இருக்கும். அந்த நிலையில இறுக்கிட்டு வண்டியைக் கீழ இறக்கினா, ஆர்ம் மேல வந்ததும் ரப்பர் பிழிஞ்ச ஈரத்துணியாட்டம் நிரந்தரமா முறுக்கிக்கிட்டு நிக்கும். வண்டி சும்மா நிக்கிறப்பவே முறுக்கு. அதுக்கு மேல நம்ம ரோட்டுப் பள்ளம். ஒரு வருஷத்துல கிழிஞ்சுடும்.

சரியான முறை இதுதான்: போல்ட்டைக் கையிறுக்கம் மட்டும் வச்சு, வண்டியை நாலு சக்கரத்துலயும் தரையில இறக்கி, ரெண்டு தடவை முன்னும் பின்னும் தள்ளி, மேலேர்ந்து அமுக்கி விட்டு, வண்டி தன்னோட உயரத்துல நின்ன பிறகு கடைசி இறுக்கம் கொடுக்கணும். பிட் இல்லாத இடத்துல, ஆர்முக்கு அடியில ஜாக்கி வச்சு, வண்டி ஸ்டாண்டை விட்டு லேசா எழும்புற அளவுக்குத் தூக்கிட்டு இறுக்கலாம். நேரா மேல கீழ போல்ட்டு போற புஷ் சில வண்டியில உண்டு, அதுக்கு இந்தப் பிரச்சினை இல்ல. படுக்கைப் போல்ட்டுக்குத்தான்.

நாகை கடலோரம்:

மன்னை அண்ணன் சொல்வதோடு கரையோரத்துக்காரன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். நாகப்பட்டினம், வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் அடிக்கடி ஓடும் வண்டி என்றால் ஸ்பிரிங்கின் அடிச்சுற்றைக் கட்டாயம் பாருங்கள். உப்புக் காற்றில் பெயிண்ட் உரிந்து, ஸ்பிரிங் உட்காரும் தட்டில் சேறும் தண்ணீரும் தேங்கி, அந்தக் கடைசிச் சுற்று துருவேறி ஒடிந்துவிடும். ஒடிந்த துண்டு தட்டிலேயே கிடப்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. ஒரு பக்கம் வண்டி கொஞ்சம் தாழ்ந்திருக்கும், பள்ளத்தில் ‘டங்’ என்று உலோகச் சத்தம் வரும். கூர்மையான நுனி டயர்ப் பக்கம் திரும்பினால் டயரையே கிழித்துவிடும். டார்ச் அடித்து, சுற்று சுற்றாக விரலால் தடவிப் பாருங்கள்.

வேளாங்கண்ணி கடற்கரைப் பக்கம் போய்வந்தால் நல்ல தண்ணீரில் அடிப்பகுதியைக் கழுவுங்கள். ஜாயிண்ட்டை மூடும் ரப்பர் கவசம் கிழிந்திருந்தால் அதன் மேல் மட்டும் பிரஷர் தண்ணீர் அடிக்காதீர்கள், உள்ளே புகுந்து கிரீஸைக் கழுவிவிடும்.

வேளாங்கண்ணி டாக்ஸி:

ரப்பர் கவசம்னதும் ஞாபகம் வந்தது. மாசி, பங்குனியில சம்பா அறுத்த வயல்ல போட்ட உளுந்து, பயறைக் கொண்டுவந்து ரோட்டுல பரப்பிடுறாங்க, நம்ம வண்டி ஏறித்தான் போரடிக்கணும். அந்தக் கொடி ஆக்சில்ல சுத்திக்கும். இறுகி இறுகி ஜாயிண்ட் ரப்பரைக் கிழிச்சுடும். காய்ஞ்ச கொடி சைலன்சர் சூட்டுல பத்திக்கிறதும் உண்டு. அதுல ஓட்டிட்டு வந்தா நிறுத்தி, கீழ குனிஞ்சு, கையால உருவி எடுத்துடுங்க. முறைத்தண்ணி வந்து உழவு ஆரம்பிச்சா கேஜ் வீல் (சேத்துழவுக்கு மாட்டுற இரும்புச் சக்கரம்) போட்ட டிராக்டர் ரோட்டைக் கொத்திப் போட்டுடும், அந்தத் தடத்துல வேகம் வேணாம்.

இன்னொண்ணு, வயல் களிமண் ரிம்முக்கு உள்பக்கம் அப்பிக் காய்ஞ்சா அறுபது எழுபதுல ஸ்டியரிங் உதறும். அது சஸ்பென்ஷன் இல்ல. சுரண்டிக் கழுவினாப் போயிடும்.

வலங்கைமான் டீச்சர்:

பார்த்தாகிவிட்டது. பிட் உள்ள வேறொரு பட்டறைக்குத் தம்பியை அழைத்துக்கொண்டு போனேன். இங்கே எழுதியிருந்ததைப் படித்துக் காட்டியபோது அந்த மெக்கானிக் முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றாகச் செய்தார்.

முதலில் இடது லிங்க் ராடு. சக்கரம் தரையில் இருக்க, தம்பி மேலிருந்து வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டினான். மெக்கானிக் என்னையே பிட்டுக்குள் இறங்கச் சொல்லி விரலை வைக்கச் சொன்னார். கீழ்த்தலையில் ‘டிக் டிக்’ தெளிவாகத் தெரிந்தது. மேல்தலையில் ஒன்றும் இல்லை. கீழ்த்தலையின் ரப்பர் மூடி ஒரு பக்கம் பிளந்திருந்தது. அதை அழுத்தியபோது கிரீஸுக்குப் பதிலாகச் செம்மண் நிறத்தில் தண்ணீர் கசிந்தது. வலது லிங்க்கில் ஆட்டம் இல்லை, ஆனால் அதன் ரப்பரும் வெடித்திருந்தது.

பிறகு லோயர் ஆர்ம். ஆர்முக்கும் அது மாட்டியிருக்கும் அடிச்சட்டமான சப்ஃபிரேமுக்கும் நடுவில் நீளக் கம்பியை விட்டு நெம்பினார். இடது பின்புஷ்ஷில் ரப்பர் பாதிச் சுற்றளவுக்குப் பிரிந்து, கம்பியை நெம்பும்போதெல்லாம் வாய் திறந்து மூடியது. நடுக்குழாய் வெளிவளையத்தில் இடித்த இடம் பளபளவென்று இருந்தது. அந்த போல்ட் படுக்கையாகத்தான் போகிறது.

பால் ஜாயிண்ட்டுக்கும் டை ராடுக்கும் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தார். மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், பிறகு இடமும் வலமும். ஆட்டம் இல்லை. ஷாக்கின் தண்டைத் துடைத்துப் பார்த்தார், ஈரம் இல்லை. பானெட்டைத் திறந்து மேல் நட்டில் கை வைத்துக்கொண்டு வண்டியை அமுக்கச் சொன்னார், அங்கேயும் தட்டவில்லை. ஷாக் மாற்ற வேண்டியதில்லை என்று அவரே சொன்னார்.

இப்போது என் கேள்வி: புஷ் மட்டும் மாற்றுவதா, முழு ஆர்மா? லிங்க் ஒரு பக்கம் போதுமா?

வேளாங்கண்ணி டாக்ஸி:

என் கருத்தைச் சொல்லிடுறேன் டீச்சர். ஒரு லட்சம் ஓடின வண்டி. எல்லாத்தையும் கழட்டித்தானே ஆகணும், ஷாக், மவுண்ட், ஆர்ம், லிங்க் எல்லாத்தையும் ஒரே மூச்சுல மாத்திட்டா கூலி ஒரு தடவை, அலைன்மெண்ட் ஒரு தடவை. நான் சவாரி வண்டிக்கு அப்படித்தான் செய்வேன். நடு ராத்திரியில பேரளத்துல நின்னா சவாரிக்காரங்களுக்கு என்ன பதில் சொல்றது?

மன்னை பட்டறை:

அண்ணே, சவாரி வண்டிக்கு நீங்க சொல்றது சரி. நிக்கிற நாளு உங்களுக்கு நஷ்டம். டீச்சர் வண்டி தினமும் ஒரே ரோட்டுல ஓடுது, ஷாக் நல்லா இருக்குன்னு கையால தொட்டுப் பார்த்தாச்சு. நல்லா இருக்கிறதைக் கழட்டிட்டு, என்ன தரமோ தெரியாத புதுசைப் போடுறதுல எனக்குச் சம்மதம் இல்ல. ஒண்ணொண்ணா மாத்தினாத்தான் எது சத்தம் போட்டதுன்னும் தெரியும்.

டீச்சர், லிங்க் ரெண்டு பக்கமும் மாத்திடுங்க, ஷாக் விலையோட பார்த்தா சின்னச் செலவுதான். பழைய லிங்க் நட்டு துருப்பிடிச்சு, தண்டோட சேர்ந்து சுத்தும். முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கி அடிச்சு வைக்கச் சொல்லுங்க. தண்டு நுனியில ஆலன் கீ போடற குழி இருந்தா அதைப் பிடிச்சுக்கிட்டு நட்டைத் திருகணும். அப்படியும் வரலைன்னா அறுத்துடலாம், அது எப்படியும் குப்பைக்குத்தான்.

ஆர்ம் விஷயத்துல, பால் ஜாயிண்ட் நல்லா இருந்து, புஷ் தனியாக் கிடைச்சு, அமுக்குற பிரஸ் மெஷின் அந்தப் பட்டறையில இருந்தா புஷ் மட்டும் போதும். பிரஸ் இல்லாம சுத்தியால அடிச்சு ஏத்துறதா இருந்தா வேணாம். வளையம் கோணிடும், ஆர்மும் கெடும், அதுக்கு முழு ஆர்மே வாங்கிடுங்க. புஷ் ஏத்துறப்ப ரப்பர்ல ஓட்டை இருக்கிற ரகமா இருந்தா ஓட்டை எந்தத் திசையைப் பார்க்கணும்னு அடையாளம் இருக்கும். பழசைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஆர்ம்ல சாக்பீஸ் கோடு போட்டுக்கச் சொல்லுங்க. திசை மாறினா பிரேக் போடறப்ப சக்கரம் அசையுற அளவே மாறிடும்.

வலது ஆர்மையும் அதே நாள்ல, அதே மாதிரி தொங்கவிட்டுத்தானே இறுக்கியிருப்பாங்க? கிழியலைன்னாலும் அந்த போல்ட்டை ஒரு தடவை தளர்த்தி, வண்டி தரையில நிக்கிறப்ப மறுபடி இறுக்கிடச் சொல்லுங்க. மிச்சம் இருக்கிற ரப்பராவது பிழைக்கும்.

தஞ்சை மெக்கானிக்கல்:

வீட்டில் செய்யலாம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஸ்பிரிங் எப்போதும் அமுக்கப்பட்ட நிலையில் இருக்கிறது. ஸ்ட்ரட்டைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங் கம்ப்ரஸர் போடாமல் மேல் நட்டைத் திருகினால் ஆளைக் கொல்லும் வேகத்தில் தெறிக்கும். அந்த வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். இரண்டாவது, நம் ஊர் வாசல் பெரும்பாலும் களிமண். காய்ந்த தரை கெட்டியாகத் தெரியும், பாரம் ஏறியதும் ஜாக்கி ஒரு பக்கம் அமிழும். மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். அடியில் தடித்த பலகை வையுங்கள், ஸ்டாண்டு இல்லாமல் வெறும் ஜாக்கியை நம்பி உள்ளே தலையை விடாதீர்கள். கழற்றிய சக்கரத்தைப் பாடிக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள்.

வலங்கைமான் டீச்சர்:

வேலை முடிந்தது. இரண்டு லிங்க் ராடு புதிது. இடது ஆர்மில் புஷ் மட்டும், கும்பகோணத்தில் பிரஸ் உள்ள கடையில் ஏற்றி வாங்கி வந்தார்கள். வண்டியைப் பிட்டில் நான்கு சக்கரமும் தரையில் நிற்க வைத்துவிட்டுத்தான் கடைசி இறுக்கம். வலது போல்ட்டைத் தளர்த்தியபோது ஆர்ம் ‘டக்’ என்று தன் இடத்துக்கு வந்ததை நானே பார்த்தேன். அவ்வளவு முறுக்கு அதில் இருந்திருக்கிறது.

அலைன்மெண்ட் பார்த்ததில் டோ (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) கொஞ்சம் விலகியிருந்தது, சரி செய்தார்கள். ரயில்வே கேட்டை இப்போது கடந்தால் டயர் தண்டவாளத்தில் ஏறும் சத்தம் மட்டும்தான். ‘டம்’ அறவே இல்லை. மொத்தச் செலவு ஷாக்குக்குச் சொன்னதில் கால் பங்கைத் தொடவில்லை. மன்னை அண்ணனுக்கும் தஞ்சை சாருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவும் சொல்லச் சொன்னார்.

மன்னை பட்டறை:

ரொம்பச் சந்தோஷம் டீச்சர். கொஞ்சம் ஓடின பிறகு வீல் நட்டையும் லிங்க் நட்டையும் ஒரு தடவை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்க.

குடவாசல் விவசாயி:

தம்பி, டீசல் அடிக்கிறதை வேனுக்கு நிறுத்திடுறேன். ஒரு சந்தேகம். நெல் மூட்டையோ ஆளோ ஏத்தினா என் பையனோட கார் பின்பக்கம் ‘டொக்’குன்னு அடிக்குது. காலியா இருந்தா இல்ல. பின்னாடி ரெண்டு சக்கரத்தையும் ஒரே உத்தரம் மாதிரி இணைச்சிருக்கு.

மன்னை பட்டறை:

ஐயா, அதுல லிங்க் ராடு கிடையாது, சந்தேகம் குறைவு. பாரத்தோட அடிச்சா முதல்ல ஷாக்கோட கீழ் போல்ட்டு இறுக்கமா இருக்கா, அந்த புஷ் ஓட்டை நீள்வட்டமா ஆகியிருக்கான்னு பாருங்க. அடுத்து, ஷாக் தண்டுல மாட்டியிருக்கிற ரப்பர் ஸ்டாப்பர் பொடிஞ்சு போயிருக்கான்னு தூசி உறையை மேல தூக்கிப் பாருங்க. அது இல்லைன்னா பாரத்துல ஷாக் அடிவரைக்கும் போய் இரும்போட இரும்பு இடிக்கும். ரெண்டும் சரியா இருந்தா உத்தரத்தோட முன்பக்க ரெண்டு பெரிய புஷ். அதையும் வண்டி தரையில நிக்கிறப்பத்தான் இறுக்கணும். பையனை டிக்கியில நாலு மூட்டையோட பட்டறைக்கு வரச் சொல்லுங்க, பாரத்தோட பார்த்தாத்தான் தெரியும்.